16-இன் வர்க்கமூலம் 8 என்று எழுதும் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

வேப்பமர நிழல் எழுதியது (செவ்வாய், இரவு 9:40)

மகள் எட்டாம் வகுப்பு, தமிழ் வழி. கணக்கில் மோசமில்லை. ஆனால் இந்த வர்க்கமூலம், கனமூலம் வந்ததிலிருந்து வீட்டில் தினமும் சண்டை. நேற்று நோட்டைத் திறந்து பார்த்தேன். √4 = 2, √16 = 8, √36 = 18. முதலாவதற்குச் சரி, மற்ற இரண்டுக்கும் சிவப்பு மையில் சுழி. "மூணும் ஒரே மாதிரிதானே போட்டேன், அது மட்டும் எப்படிம்மா சரி?" என்று என்னிடமே கேட்கிறாள்.

அடுத்த பக்கத்தில் ∛27 = 9. கேட்டால், "மேல குட்டியா 3 போட்டிருக்காங்கல்ல, அதான் மூணால வகுத்தேன்" என்கிறாள்.

சரி, மனப்பாடம் பண்ணினால் வந்துவிடும் என்று 1 முதல் 20 வரை வர்க்கங்களை வாய்ப்பாடு மாதிரி சொல்லவைத்தேன். கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஆனால் 7-இன் வர்க்கம் 49 என்று சொன்ன அதே வாய், 49-இன் வர்க்கமூலம் என்றால் 24.5 என்கிறது. நான் பி.காம். இதற்கு மேல் எனக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

---

சாக்பீஸ் தூசி எழுதியது (செவ்வாய், இரவு 10:15)

அரசு நடுநிலைப் பள்ளியில் பதினாறு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உங்கள் மகள் தப்பாக யோசிக்கவில்லை. √4 = 2 என்ற ஒரே எடுத்துக்காட்டிலிருந்து தனக்கென்று ஒரு விதியைச் செய்துகொண்டாள், அதை எல்லாக் கணக்கிலும் நேர்மையாகப் போட்டிருக்கிறாள். குற்றவாளி அந்த 4-தான். 2-ஐயும் 2-ஐயும் கூட்டினாலும் 4, பெருக்கினாலும் 4. அதனால் பாதியும் மூலமும் அங்கே ஒன்றாகத் தெரிகின்றன. நான் 4-ஐ முதல் எடுத்துக்காட்டாகப் போடுவதை எப்போதோ நிறுத்திவிட்டேன். 9-இல் தொடங்குவேன். 9-ஐப் பாதியாக்கினால் நாலரை வருகிறது, பிள்ளைக்கே அது பிடிப்பதில்லை.

இரண்டாவது, அந்தச் சொல். "மூலம்" என்று கரும்பலகையில் எழுதியதும் கடைசி பெஞ்சில் சிரிப்பு வரும். ஒருவன், "எங்க தாத்தாவுக்கு இருக்கு சார்" என்பான். இன்னொருத்தி தன் நட்சத்திரம் மூலம் என்பாள். கனமூலம் வந்தால், "கனம்னா வெயிட்டா சார்?" நான் சிரிக்கவிட்டுவிடுவேன். அப்புறம் கேட்பேன், "ஆற்றுக்கு மூலம் எது?" மலை, ஊற்று என்பார்கள். "இந்தச் சதுரத்தின் பரப்பு 49. இது எந்த நீளத்திலிருந்து கிளம்பி வந்தது?" மூலம் என்ற சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடும், நாம்தான் அதை விளக்காமல் தாண்டிப் போகிறோம்.

மூன்றாவது, ஒரு வாரத்துக்கு √ குறியைக் கண்ணில் காட்டாதீர்கள். கட்டம் போட்ட நோட்டிலிருந்து குட்டிச் சதுரங்களை வெட்டிக் கொடுங்கள். 16 துண்டு கொடுத்து, "மிச்சமில்லாமல் ஒரே சதுரமாக அடுக்கு" என்று சொல்லுங்கள். அடுக்கியதும் ஓரத்தில் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். அடுத்து 12 கொடுங்கள். மூன்றுக்கு நாலு வரும், இரண்டுக்கு ஆறு வரும், சதுரம் வரவே வராது. அந்த எரிச்சல் அவளுக்கு வரவேண்டும். முழு வர்க்கம் எது, எது இல்லை என்பது அங்கேதான் உறைக்கும்.

கடைசியாக, 24.5 என்று சொன்னால் திட்டாமல் இதைக் கேளுங்கள்: "49 சதுர அடியில் சதுரமாக ஒரு குளியலறை. சுவர் இருபத்து நாலரை அடி நீளமா?" 24.5-ஐ 24.5-ஆல் பெருக்கினால் 600.25. ஒரு சின்ன வீடே வந்துவிடும். என் வகுப்பில் குளியலறை என்று சொன்ன பிறகு யாரும் 24.5 சொன்னதில்லை.

---

புள்ளிக்கோலம் எழுதியது (புதன், காலை 6:05)

நான் ஆசிரியை இல்லை, கோலம் போடுகிறவள். 7 புள்ளி 7 வரிசை என்றால் 49 புள்ளி. வாசலில் வைத்துக் காட்டினால் மூலம் எது என்று பார்த்தாலே தெரியுமே!

இன்னொன்று. நேர்ப்புள்ளியில் நடு வரிசை 7-இல் ஆரம்பித்து மேலும் கீழும் 1-இல் முடிகிற கோலம் இருக்கிறதல்லவா, அதில் மேலிருந்து 1, 3, 5, 7 என்று வரும். அது வரைக்கும் கூட்டினால் 16. அந்த 16 புள்ளியைச் சதுரமாக வைத்தால் நாலுக்கு நாலு. வரிசையும் நாலுதான். பேத்திக்குப் புள்ளி வைக்கச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் இதைக் கவனித்தேன். மிச்சமிருக்கும் 5, 3, 1 கூட்டினால் 9. அது மூணுக்கு மூணு.

---

சாக்பீஸ் தூசி எழுதியது (புதன், காலை 7:20)

@புள்ளிக்கோலம் அம்மா, இதையே வைத்து எந்தச் சூத்திரமும் இல்லாமல் வர்க்கமூலம் எடுக்கலாம். எண்ணிலிருந்து ஒற்றை எண்களை வரிசையாகக் கழித்துக்கொண்டே போகவேண்டியதுதான். 49 – 1 = 48, – 3 = 45, – 5 = 40, – 7 = 33, – 9 = 24, – 11 = 13, – 13 = 0. ஏழு தடவை கழித்தோம், மூலம் 7. பூஜ்யத்தில் முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்டால் அது முழு வர்க்கம் இல்லை. கூட்டல் கழித்தல் மட்டும் தெரிந்த பிள்ளைக்குக்கூட இது வரும். மொத்தக் கோலத்திலும் 16 + 9 = 25 புள்ளி, அதுவும் ஐந்துக்கு ஐந்து. இதை இன்று வகுப்பில் பயன்படுத்தப் போகிறேன், உங்கள் பேத்திக்கு நன்றி.

---

கொத்தனார் மகன் எழுதியது (புதன், மதியம் 1:30)

சைட்டில் இருக்கிறேன், சாப்பாட்டு நேரம். எங்கள் தொழிலில் இருந்து ஒரு கணக்கு.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அது சதுரமான நிலமாக இருந்தால் பக்கம் எத்தனை அடி? கால்குலேட்டர் கூடாது. 20-க்கு 20 என்றால் 400. 21-க்கு 21 என்றால் 441. ஆக 20-க்கும் 21-க்கும் நடுவில், 21-க்கு ரொம்பப் பக்கத்தில். சரியாகச் சொன்னால் 20.87 அடி சுமார். இந்த "நடுவில் எங்கேயோ" என்பதைப் பிள்ளைகள் விடை என்றே ஒத்துக்கொள்வதில்லை, முழு எண்ணில் வந்தால்தான் விடை என்று நினைக்கிறார்கள். நிலம் முழு எண்ணில் வருவதில்லை.

இப்போது நாலு சென்ட். பக்கம் நாலு மடங்கு ஆகுமா? ஆகாது, இரண்டு மடங்குதான், 41.74. ஒரு ஏக்கர் என்றால் நூறு சென்ட். பக்கம் பத்து மடங்கு, 208.7 அடி. இதை மகளிடம் முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். நூறு மடங்கு என்றுதான் சொல்வாள். (என்னிடம் வேலைக்கு வந்த டிப்ளமோ பையனும் அப்படித்தான் சொன்னான்.)

சென்னைக்காரர்களுக்கு: கிரவுண்டு 2400 சதுர அடி. 49-க்கு 49 என்றால் 2401. ஒரே ஒரு சதுர அடி இடிக்கிறது.

---

ஓய்வு வாத்தியார் எழுதியது (புதன், மாலை 5:50)

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பரீட்சையில் கோலம் போட்டால் மதிப்பெண் தருவார்களா? நீள்வகுத்தல் முறையைச் சொல்லித்தாருங்கள். வலமிருந்து இரண்டு இரண்டு இலக்கமாகப் பிரி, பெரிய வர்க்கத்தைக் கழி, ஈவை இரட்டி, அடுத்த இலக்கத்தைக் கண்டுபிடி. முடிந்தது. 499-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஆரியபடீயத்திலேயே வர்க்கமூலத்துக்கும் கனமூலத்துக்கும் இலக்கம் இலக்கமாக எடுக்கும் வழி இருக்கிறது. நாற்பது வருடம் நான் இப்படித்தான் நடத்தினேன்.

---

கேள்விக்குறி எழுதியது (புதன், மாலை 6:30)

ஐயா, தவறாக நினைக்கவேண்டாம். ஈவை ஏன் இரட்டிக்கிறோம்? எனக்கு எட்டாவதில் இதே முறையைத்தான் சொல்லித்தந்தார்கள். நானும் நூற்றுக்கு நூறு வாங்கினேன். இப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு. அந்த இரட்டிப்பு எதற்கு என்று இன்றுவரை தெரியாது.

---

சாக்பீஸ் தூசி எழுதியது (புதன், இரவு 8:10)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வாத்தியார் ஐயாவின் முறையும் கட்டம் போட்ட நோட்டும் வேறு வேறு இல்லை.

√529 எடுப்போம். 529 குட்டிச் சதுரங்கள் கையில் இருக்கின்றன, ஒரே சதுரமாக அடுக்கவேண்டும்.

முதலில் 20-க்கு 20 அடுக்கிவிடலாம். 400 போயிற்று, மிச்சம் 129. (30-க்கு 30 என்றால் 900 வேண்டும், கையில் இல்லை.) மிச்சத்தை வைத்துச் சதுரத்தைப் பெரிதாக்கவேண்டும். வலப்பக்கம் மட்டும் ஒட்டினால் செவ்வகமாகிவிடும். அதனால் வலப்பக்கம் ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. இரண்டும் 20 நீளம். இந்த இரண்டு பட்டைதான் அந்த இரட்டிப்பு. 20-ஐ இரட்டித்து 40 என்று எழுதுகிறோமே, அது இரண்டு ஓரத்தின் மொத்த நீளம்.

பட்டை எவ்வளவு அகலம்? 129-இல் 40 மூன்று தடவை போகும், 120. மிச்சம் 9. இரண்டு பட்டையையும் ஒட்டியபிறகு மூலையில் ஒரு ஓட்டை இருக்கும், மூன்றுக்கு மூன்று. அதற்குத்தான் அந்த 9. கச்சிதமாக அடைந்துவிட்டது. பக்கம் 23.

நீள்வகுத்தலில் 4-க்குப் பக்கத்தில் 3 எழுதி, 43 × 3 = 129 என்று போடுகிறோம். 40 × 3 பட்டைகள், 3 × 3 மூலை. இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரிப்பது ஏன் என்பதற்கு விடை மேலே கொத்தனார் மகன் சொன்ன ஏக்கர் கணக்கில் இருக்கிறது. பக்கம் பத்து மடங்கானால் பரப்பு நூறு மடங்கு. அதனால் பக்கத்தில் ஓர் இலக்கத்துக்குப் பரப்பில் இரண்டு இலக்கம்.

இதை ஒரு தடவை கத்தரித்து ஒட்டிப் பார்த்த பிள்ளைக்கு முறை மறந்தாலும் மூலையில் இருந்த ஓட்டை மறக்காது.

---

ஓய்வு வாத்தியார் எழுதியது (புதன், இரவு 9:00)

மூலை ஓட்டை. நல்லது. நாற்பது வருடத்தில் ஒரு மாணவனும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. கேட்கவிட்டேனா என்பது வேறு விஷயம்.

---

கேள்விக்குறி எழுதியது (புதன், இரவு 9:12)

நன்றி சார். இப்போதுதான் நிம்மதி. இன்னொரு சந்தேகம்: √16 என்றால் 4-ஆ, +4-உம் –4-உம் இரண்டுமா?

---

சாக்பீஸ் தூசி எழுதியது (புதன், இரவு 9:25)

√ குறி போட்டால் 4 மட்டும். "எந்த எண்ணின் வர்க்கம் 16?" என்று கேட்டால் இரண்டும். எட்டாம் வகுப்புக்குச் சுவர் நீளம் என்று சொல்லிப் பழக்கிவிட்டால் குழப்பம் வராது, சுவர் –4 அடி இருக்காது.

---

பனங்கொட்டை எழுதியது (வியாழன், காலை 5:40)

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். இங்கே நாங்கள் நிறைவர்க்கம் என்போம், பகாக் காரணிக்கு முதன்மைக் காரணி, கனச்சதுரத்துக்குச் சதுரமுகி. சொல் வேறு, பிள்ளைகள் விடுகிற பிழை ஒன்றுதான். ∛27 = 9 எங்கட வகுப்பிலும் உண்டு.

கனமூலத்தை ஒருவரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். ரூபிக்ஸ் கியூபை மேசையில் வைத்து, "இதில் எத்தனை சின்னச் சதுரமுகி?" என்று கேட்பேன். முகங்களை எண்ணி 54 என்பார்கள் சிலர். அடுக்கு அடுக்காக எண்ணச் சொன்னால் 9, 9, 9. மொத்தம் 27. விளிம்பில் 3. அப்போ 27-க்கு மூலம் 9 என்று சொன்ன பிள்ளை தானே திருத்திக்கொள்ளும்: 9 என்பது ஓர் அடுக்கு, விளிம்பு இல்லை. அது 27-ஐ மூன்றால் வகுத்ததும் உண்மைதான், அடுக்கைக் கண்டுபிடித்திருக்கிறது, அதோடு நின்றுவிட்டது. (கியூபைக் கழற்றிப் பார்த்த ஒருவன், நடுவில் ஒன்றுமில்லை, 26-தான் என்று வாதாடினான். அவனுக்கு ஒரு பேனா பரிசு கொடுத்தேன்.)

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. ஒரு மீட்டர் சதுரமுகித் தொட்டியில் 1000 லீட்டர் பிடிக்கும். 500 லீட்டர் வேண்டுமென்றால் பக்கம் எவ்வளவு? அரை மீட்டர் என்றுதான் முழு வகுப்பும் சொல்லும். 50 × 50 × 50 செ.மீ. கணக்குப் பார்த்தால் 125 லீட்டர்தான். அரைவாசிப் பக்கத்துக்கு எட்டில் ஒரு பங்கு. பிறகு தேடவேண்டும்: 80 செ.மீ. என்றால் 512, 79 என்றால் 493. விடை இடையில். இரண்டு பேர் இதற்காகவே வாளியால் தண்ணீர் அளந்தார்கள், வகுப்பு நனைந்தது, அதிபர் (தலைமை ஆசிரியர்) வந்து பார்த்துவிட்டுப் போனார்.

---

கொத்தனார் மகன் எழுதியது (வியாழன், காலை 8:45)

வாட்ஸ்அப்பில் போதையனார் என்ற புலவர் பெயரில் ஒரு பாட்டு சுற்றுகிறதே, அதைப் பார்த்தீர்களா? செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்தை ஒட்டிய இரண்டு பக்கத்தில் நீண்டதை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளு, குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர், கர்ணம் (செங்கோணத்துக்கு எதிர்ப் பக்கம்) வந்துவிடும். வர்க்கமூலமே வேண்டாம் என்று பகிர்கிறார்கள். 3, 4 போட்டேன்: மூன்றரையும் ஒன்றரையும் 5. சரியாக வருகிறது. 5, 12 போட்டேன்: பத்தரையும் இரண்டரையும் 13. அதுவும் சரி! அப்புறம் எதற்கு இந்தப் பாடு?

---

ஓய்வு வாத்தியார் எழுதியது (வியாழன், காலை 10:20)

தம்பி, 7-உம் 24-உம் போட்டுப் பாரும். 21-உம் மூன்றரையும் 24.5. உண்மையில் 25. இரண்டு பக்கமும் 1 என்றால் 1.375 வரும், √2 என்பது 1.414. கிட்டத்தட்ட வரும் வழி, துல்லியம் இல்லை. பந்தல் போட உதவும், பரீட்சைக்கு உதவாது. பாடல் எங்கிருந்து வந்தது என்பது வேறு விவாதம், இங்கே வேண்டாம். ஆனால் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்து "எங்கே பொய்க்கிறது, கண்டுபிடி" என்றால் ஒரு பீரியட் முழுக்க அவர்களாகவே வர்க்கமும் மூலமும் போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் பணியில் இருந்திருந்தால் செய்திருப்பேன்.

---

சாக்பீஸ் தூசி எழுதியது (வியாழன், மாலை 4:50)

ஐயா கட்சி மாறிவிட்டார்!

கர்ணம் வந்ததால் இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். √(9 + 16) = 3 + 4 = 7 என்று எழுதுவது. மைதானத்தின் மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சுற்றிப் போனால் 7, குறுக்கே போனால் 5. குறுக்கே போனாலும் 7-தான் என்றால் யார் குறுக்கே போவார்கள்? பெருக்கலில் மட்டும் பிரிக்கலாம், √(9 × 16) = 3 × 4 = 12. கூட்டலில் கூடாது.

பகாக் காரணி முறைக்கு நான் கொடுப்பது 72. அது 2 × 2 × 2 × 3 × 3. இரட்டையாகச் சோடி சேர்த்தால் ஒரு 2 தனியாக நிற்கும், அதற்கு இன்னொரு 2 கொடு, 144, வர்க்கமூலம் 12. மும்மூன்றாகச் சேர்த்தால் 3-க்கு ஓர் ஆள் குறைகிறது, இன்னொரு 3 கொடு, 216, கனமூலம் 6. ஒரே எண், இரண்டு விதச் சேர்க்கை. சோடி, மூவர் என்று நண்பர் கூட்டம் மாதிரி சொல்லிவிட்டால் போதும்.

---

பனங்கொட்டை எழுதியது (வியாழன், மாலை 6:15)

வித்தை காட்ட ஒன்று. 17576-இன் கனமூலம்? கடைசி இலக்கம் 6 என்றால் மூலமும் 6-இல் முடியும். கடைசி மூன்று இலக்கத்தை விட்டால் 17, அது 8-க்கும் 27-க்கும் நடுவில், ஆக 2. விடை 26. கடைசி இலக்கத்தில் 2-உம் 8-உம் இடம் மாறும், 3-உம் 7-உம் இடம் மாறும், மற்றதெல்லாம் அப்படியே. வர்க்கத்தில் இது செல்லாது, 4-இல் முடிந்தால் மூலம் 2-இலும் முடியலாம், 8-இலும் முடியலாம்.

ஆனால் முழுக் கனம் என்று தெரிந்த எண்ணுக்கு மட்டும்தான். 17586 கொடுத்தாலும் வித்தை 26 என்றே சொல்லும். இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பிள்ளை அதையும் விதியாக்கிவிடும், 4-ஐப் பார்த்து ஆக்கினது போல.

---

வேப்பமர நிழல் எழுதியது (ஞாயிறு, இரவு 8:30)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். குறியை ஒளித்துவைத்து மூன்று நாள் துண்டுதான் அடுக்கினோம். 12-ஐ அடுக்க முடியாமல் கோபித்துக்கொண்டு எழுந்து போனாள். திரும்பி வந்து, "ஒண்ணைக் கத்தரிச்சுச் சின்னதாக்கலாமாம்மா?" என்று கேட்டாள். கத்தரிக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் கத்தரித்தாள். மூன்றரைக்குக் கொஞ்சம் கம்மி என்று முடிவுக்கு வந்தாள். மூன்றரைக்கு மூன்றரை 12.25, நான் கால்குலேட்டரில் பார்த்தேன், அவளிடம் சொல்லவில்லை.

529 படம் வரைந்தோம். மூலை ஓட்டையைப் பார்த்ததும் சிரித்தாள். 0.25 கொடுத்தேன், மறுபடி தடுமாறினாள். "வேர் எடுத்தா சின்னதாகணும், 0.5 பெருசால்ல இருக்கு" என்கிறாள். அதற்கும் ஒரு கட்டம் போட்ட சதுரத்தைக் காட்டி, பக்கத்தில் பாதி எடுத்தால் பரப்பில் கால்தானே என்றேன். நானே சொன்னேன், யாரும் சொல்லித்தரவில்லை!

இன்று அவள் கேட்டது: "ரெண்டு தடவை பெருக்கினா சதுரம், மூணு தடவை பெருக்கினா கனச்சதுரம். நாலு தடவை பெருக்கினா என்ன வடிவம்? அதுக்கு மூலம் உண்டா?" இதற்கு என்ன சொல்ல?

---

சாக்பீஸ் தூசி எழுதியது (ஞாயிறு, இரவு 8:41)

மேசையில் வைத்துக் காட்ட வடிவம் கிடையாது, மூலம் உண்டு. நாலாம் மூலம். வர்க்கமூலம் எடுத்து, வந்த விடைக்கு மறுபடியும் வர்க்கமூலம் எடுக்கச் சொல்லுங்கள். 81 கொடுத்துப் பாருங்கள்.

---

வேப்பமர நிழல் எழுதியது (ஞாயிறு, இரவு 8:50)

3 என்று சொல்லிவிட்டாள். நாலால் வகுக்கவில்லை.